கிளுவை இல்லாத ஊரில்

ஹில்ஸ்பரோ, நியூ ஜெர்சி
ஜூன் 14



பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே நான்கு பெட்டிப்பாத்திகள். வெண்டை நாலு இலை விட்டிருக்கிறது. அவரை கொழுகொம்பைத் தொட்டுவிட்டது. போன வருஷம் இந்த அவரையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காங்கேயம் பக்கத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் காடு என்றால் முதலில் கிளுவை வேலி. போத்து வெட்டி ஊன்றினால் மழைக்கு வேர் பிடித்துக்கொள்ளும். வேலி அடைந்த பிறகுதான் உழவு, விதைப்பு எல்லாம். இந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இங்கே விதையை முதலில் போட்டேன்.

இந்த ஊர் மண்ணும் சிவப்புதான். கொஞ்சம் தோண்டினால் செங்காவிப் பாறை தகடு தகடாகப் பெயர்ந்து வரும். பார்த்தவுடன் நம் செவக்காடுதான் ஞாபகம் வரும், ஆனால் மழை பெய்தால் களியாகி மண்வெட்டியை விடாது. அதனால் நாலடிக்கு எட்டடியாகப் பலகைப் பெட்டி அடித்து, மட்கிய எரு கலந்த மண்ணை நிரப்பினேன். வெயில் ஆறு மணி நேரமாவது விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். மார்ச்சில் ஜன்னலோரம் கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டேன். நமக்கு ஆடிப்பட்டம் போல இங்கே மே இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம். அதற்கு முன் வெளியே நட்டால் உறைபனி ஒரே ராத்திரியில் கருக்கிவிடும்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஜூலையில் ஒரு விடிகாலை போய்ப் பார்த்தால் அவரைக் கொடி முழுதும் நெஞ்சுயரத்துக்கு மொட்டை. வெண்டையில் தண்டு மட்டும் நின்றது. முயலாக இருக்குமோ என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து ஒரு காம்பை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். முனை நார் நாராகக் கிழிந்திருந்தது. முயல் கடித்தால் கத்தரித்தது போலச் சாய்வாக, சுத்தமாக இருக்குமாம். இது மான் என்றார். மானுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி இழுத்துக் கிழிக்கும்.

வெள்ளாட்டுக்கும் அப்படித்தானே! சந்தையில் வாயைப் பிளந்து கீழ்ப்பல்லை எண்ணி வயசு சொல்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் காம்பு உடனே விளங்கியிருக்க வேண்டும்.

அவரையின் இழப்புதான் பெரிது. நம் நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே அது செப்டம்பர். அக்டோபர் நடுவில் உறைபனி வந்துவிடும். காய் பறிக்கக் கிடைப்பதே நாலைந்து வாரம். ஜூலையில் கொடி போனால் அந்த வருஷக் கணக்கு முடிந்தது.

சோப்புக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். சலூனில் முடி வாங்கிவந்து தூவினேன். இரண்டும் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அழுகிய முட்டை வாடை வீசும் மருந்து கேட்கிறது, ஆனால் மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும், புதுத் தளிர் விட்டால் மறுபடி. பூண்டையும் புதினாவையும் மான் பெரும்பாலும் தொடாது. அதற்காகப் பூண்டையும் புதினாவையும் மட்டுமே விளைவித்துக்கொண்டு இருக்க முடியுமா? என் அனுபவத்தில் வேலிக்கு ஈடு எதுவும் இல்லை.

வெள்ளைவால் மான் எட்டடி உயரம் தாண்டக்கூடியது. எங்கள் பின்பக்கத்தில் அவ்வளவு உயரமாக வேலி போடத் தோதில்லை. பெரியவர்தான் வழி சொன்னார். நாலடி உயரத்தில் இரண்டு வேலி, நடுவில் நாலரை அடி இடைவெளி. மான் உயரமாகவும் தாண்டும், அகலமாகவும் தாண்டும். இரண்டையும் ஒரே பாய்ச்சலில் செய்யத் துணியாது, இரண்டு வேலிக்கு நடுவே கால் ஊன்றவும் பயப்படும். மார்ச் கடைசியில் நானும் மனைவியும் இரும்புக் கால் அடித்து வெல்ட்மெஷ் கட்டினோம். அடியில் ஒரு சாண் இடைவெளியும் விடவில்லை. தாண்டுவதற்கு முன் மான் கீழே நுழைய முடியுமா என்றுதான் பார்க்கும்.

இந்த மானின் கதையையும் சொல்ல வேண்டும். 1900 வாக்கில் இந்த நாட்டில் இவை அழியும் நிலைக்கு வந்துவிட்டன. தோலுக்கும் கறிக்கும் கணக்கில்லாமல் சுட்டார்கள். பிறகு சட்டம் போட்டு, மான் மிஞ்சியிருந்த இடங்களிலிருந்து பிடித்துவந்து விட்டு, மீட்டார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் அதற்குள் போய்விட்டிருந்தன. அப்புறம் வந்தது எங்கள் மாதிரிக் குடியிருப்பு. பாதி மரம், பாதி புல்வெளி. ஒளியத் தோப்பு, மேயத் தோட்டம். மானுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம் உண்டு, அது மான் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பற்றியது. 1975-இல் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் கவனத்துக்கு வந்து, அந்த ஊர்ப் பெயராலேயே வழங்கும் நோயைப் பரப்புவது இந்த உண்ணிதான். வளர்ந்த உண்ணிகள் பெரும்பாலும் மானின் ரத்தத்தைத்தான் குடிக்கும். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். தோட்டத்திலிருந்து வந்ததும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் காதுப் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

போன வாரம் வெளிவேலி ஓரப் புல்லில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. தாய் குட்டியை இப்படிக் கிடத்திவிட்டுத்தான் மேயப் போகும். அனாதை என்று நினைத்துத் தூக்கிவிடக் கூடாது. அன்று பகலில் தண்ணீர் விடப் போகவில்லை. பொழுது சாயும்போது தாய் வந்து கூட்டிப்போனது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் காட்டில் மயில் தொல்லை. தக்காளி சிவக்கும் முன்னே கொத்திவிடுகிறது. தேசியப் பறவை, 1972-ஆம் வருஷச் சட்டத்தின் காவல் உண்டு, கல் எறியவும் யோசிக்க வேண்டும். நரி இருந்தவரை மயில் இவ்வளவு பெருகவில்லை என்பது ஊர்ப்பேச்சு. அம்மா பழைய சேலைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்.

“அங்க கிளுவப் போத்து கெடைக்காதா கண்ணு?”

“இல்லம்மா. இந்தப் பனிக்கு நிக்காது. கம்பி வலைதான் ரெண்டு வரிசையா, நடுவுல எடம் உட்டுக் கட்டியிருக்கேன்.”

“வலையச் சும்மா உடாத. பாகல ஏத்தி உடு. எடம் ஒதுக்குனது வீணாப் போகாது.”

இரண்டு வேலிக்கும் நடுவில் எட்டு விதை ஊன்றினேன். நேற்றுவரை ஆறு முளைத்திருக்கிறது.