ஆயிரத்தில் ஒரு பங்கு

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1983-ஆம் வருடத்து வண்டி. என்னைவிட மூத்தது. பாளையங்கோட்டையில் அப்பா வாடகைக்கு ஓட்டி எங்களை வளர்த்தது அதில்தான். இப்போது குலதெய்வம் கோயிலுக்குப் போக மட்டும் வெளியே வரும்.

சில மாதங்களுக்கு முன் ஆச்சியை ஏற்றிக்கொண்டு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பினோம். பாபநாசம் வரை சுகம். செக்போஸ்ட் தாண்டி மலை ஏறியதும் வண்டி கார்புரேட்டர் வழியாக இருமத் தொடங்கியது. ஒரு வளைவில் நின்றேவிட்டது. "எறங்கித் தள்ளுல, டிப்ளமா!" என்றார் அப்பா. ஆச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். ஆகவே பழைய அளவில் ஊற்றினால் காற்று மிஞ்சும், கலவை 'லீன்' ஆகும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும். எங்கள் எஸ்.யூ. கார்புரேட்டரில் இருப்பது ஒரு ஊசிதான். (எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். நம் யூனியன் மாதிரி அல்ல, அது அண்ணன் தம்பி யூனியன்!) பிஸ்டன் மேலே எழும்போது கூம்பிய ஊசியும் எழும், ஜெட்டுக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பெட்ரோல் அளவு.

மெக்கானிக் அண்ணாச்சி அடியில் உள்ள ஜெட் நட்டை இறக்கிவிட்டார். இருமல் குறைந்தது, ஆனால் ஐடிலிங்கில் பிளக் கரி பிடித்தது. நட்டு எல்லா வேகத்துக்கும் சேர்த்துக் கூட்டும். மலையில் மட்டும் கூட்ட வேண்டுமானால் ஊசியின் நடுப்பகுதியை மெலிக்க வேண்டும்.

நான்தான் படித்தவன் ஆயிற்றே! ஊசியை டிரில்லிங் மெஷினில் பிடித்து 600 நம்பர் எமரி போட்டேன். முதலில் அளந்து எழுதிக்கொள்ளவில்லை. பூட்டியதும் கரும்புகை. "என்னல இது, அரிசி ஆலை மாதிரி பொகையுது?" என்றார் அப்பா. அப்புறம் அவர் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசியை மெலிக்கலாம், மெலிந்ததைப் பெருக்க வைக்க எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வழியில்லை.

சென்னை புதுப்பேட்டையில் அதே நம்பர் ஊசி ஒன்று கிடைத்தது. இந்த முறை நம் லேபில் மைக்ரோமீட்டர் வைத்து, எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஓர் இடமாக அளந்து நோட்டில் எழுதினேன். நடுவில் மட்டும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தேன். பத்து இழுப்பு, துடைப்பு, அளப்பு. இப்படியே ஒரு மதியம் போனது. ஊசியின் தோள் பிஸ்டன் அடிமட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்'கென்று விழ வேண்டும். (டாஷ்பாட்டில் ஆயில் இல்லாவிட்டாலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இருமும். எமரியைத் தொடுமுன் அதைப் பாருங்கள்.) நட்டைப் பழையபடி ஏற்றிவைத்தேன். ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றினால் மேரி பிஸ்கட் நிறம்.

மறுபடி மலை ஏறினோம். அதே வளைவு வந்தது, போனது.

"அய்யனாருல்லா ஏத்திவிட்டிருக்காரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ஆச்சி. அப்பா கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கியரை மாற்றினார்.