செல்ப் அடிக்குது, கார் ஸ்டார்ட் ஆகுதில்ல



மாரி தொடங்கிவிட்டது. தூர இடங்களுக்கு வாகனத்தில் போய்ப் படிப்பித்துவிட்டு வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பெரும்போக விதைப்புக் காலத்தில் நமது அம்பாறை மாவட்ட வீதிகள் வழுக்குவதற்கு மழை மட்டும் காரணமில்லை. வயலுக்குள் இறங்கி ஏறும் உழவு இயந்திரங்களின் சில்லுகளில் ஒட்டிய சேறு தார் வீதியில் விழுந்து காய்ந்து கிடக்கும். முதல் தூறலில் அது சவர்க்காரம் போட்ட சீமெந்துத் தரை மாதிரி ஆகிவிடும். கொட்டும் மழை அந்தச் சேற்றைக் கழுவிவிடும். தூறல் கழுவாது, வழுக்க மட்டும் வைக்கும்.

கடந்த பெரும்போகத்தில் ஒரு நாள் காலை, சம்மாந்துறை தாண்டி வயல் நடுவே போகும் வீதியில் எங்களுக்கு அதுதான் நடந்தது. பெற்றோல் காசைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே காரில் போகும் நான்கு ஆசிரியர்கள் நாங்கள். மெதுவாகத்தான் போனோம். பின்பக்கம் இழுபட்டு, கார் அரைவட்டம் அடித்து, வீதியை விட்டு இறங்கி வரம்பில் மோதி நின்றது. நேரம் ஏழு மணி தாண்டிவிட்டது. ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டின் அவசரம் என்னவென்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முன் சீற்றில் இருந்த டீச்சர் ஐந்து மாதக் கர்ப்பிணி. "எனக்கு ஒண்டுமில்ல, காரைப் பாருங்க" என்றார். நாங்கள் காரைப் பார்க்கவில்லை. வந்த முதல் ஓட்டோவை மறித்து, இன்னொரு டீச்சரையும் துணைக்கு ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கர்ப்பிணிகள் விபத்தில் சிக்கினால் வலி இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். சீற் பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றின் மேலே அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டி இருக்கவேண்டும். அவர் அப்படித்தான் போட்டிருந்தார். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் கார். செல்ப் நன்றாக அடித்தது. என்ஜின் பிடிக்கவில்லை. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். "பெற்றரி டவுன் சேர்" என்றார் ஒருவர். "பிளக்கில தண்ணி போயிருக்கும்" என்றார் இன்னொருவர். "தள்ளிப் பார்ப்பம்" என்றார் உழவு இயந்திரத்தில் வந்த தம்பி. எல்லோரும் உதவத்தான் நின்றார்கள். நாங்கள் எங்கள் ஊர் கராஜ் காக்காவுக்கு கோல் எடுத்தோம். அவர் மருந்து சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்.

முதல் கேள்வி: "செல்ப் எப்படி அடிக்குது?" டிக் டிக் என்று மட்டும் கேட்டால் பெற்றரி பலவீனம், அல்லது அடிபட்டதில் பெற்றரி வயர் தளர்ந்திருக்கும். ஓட்டோ கியர் காரில் சத்தமே இல்லையென்றால் கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நன்றாக அடித்தால் பெற்றரியைக் குறை சொல்ல இடமில்லை. பெற்றோல் வரவில்லை, அல்லது பிளக்கில் நெருப்புப் பொறி இல்லை.

இரண்டாவது: "தண்ணி எவ்வளவு உயரம்?" என்ஜின் காற்று இழுக்கும் வாய் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தால் திறப்பை மறுபடி திருப்பவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே கம்பி வளைந்து என்ஜினே போய்விடும். எங்கள் காருக்குக் கீழே சேறு மட்டும்தான். (வெள்ளம் வீதியை மூடிப் பாய்ந்தால் கதை வேறு. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. பாயும் தண்ணீருக்குள் எந்த வாகனத்தையும் இறக்காதீர்கள்.)

மூன்றாவது: "ஸ்டார்ட் பண்ணாம திறப்பை 'ஓன்'-ல மட்டும் வைங்க. பின் சீற்றுக்குக் கீழ ரெண்டு செக்கன் உறுமுற சத்தம் கேக்குதா?" கேட்கவில்லை. பெற்றோல் பம்ப் ஓடவில்லை.

உடனே அவர் கேட்டது, "பெற்றோல் மணக்குதா? காருக்குக் கீழ ஒழுகுதா? குனிஞ்சு பாருங்க." இரண்டும் இல்லை என்று நன்றாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். கால் வைக்கும் இடத்தில், ஓரத் தகட்டுக்குப் பின்னால் சின்னப் பெட்டி. அதன் மேல் ஒரு பொத்தான் மேலே எழும்பி இருந்தது. அமுக்கினோம். பின்னால் உறுமல் கேட்டது. கார் ஸ்டார்ட் ஆனது.

அந்தப் பெட்டிக்குள் காந்தத்தில் ஒட்டிய ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. வாகனம் பலமாக மோதினால் உருண்டை காந்தத்தை விட்டுக் கழன்று, பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும். உடைந்த குழாயால் பெற்றோல் கொட்டித் தீப்பிடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. பல ஃபோர்ட் கார்களிலும் வேறு சில ஐரோப்பியக் கார்களிலும் இது உண்டு. பொத்தான் இல்லாத புதிய கார்கள் பலவற்றில், எயார்பேக் விரிந்தால் கம்பியூட்டரே பம்பை நிறுத்திவிடும்.

எங்களை யோசிக்க வைத்தது இதுதான். அந்தக் கார் பழுதாகி நிற்கவில்லை. நம்மைக் காப்பாற்றத்தான் நின்றது. பெற்றோல் ஒழுகிக்கொண்டிருந்து, நாங்கள் சிவப்புக் கோட்டின் அவசரத்தில் பொத்தானை அமுக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்திவிடும் பிள்ளையும் இப்படித்தான். "ஏன் வாய் திறக்கிறாயில்லை?" என்று உலுக்க முதல், எதில் மோதி நின்றது என்று பார்க்கவேண்டும்.

கார் ஸ்டார்ட் ஆனாலும் நாங்கள் பாடசாலைக்கு ஓட்டவில்லை. பிறேக், ஸ்டியரிங், ரேடியேட்டர் மூன்றும் சரியா என்று பார்த்து, நேராக கராஜுக்கு மெதுவாக ஓட்டினோம். அதன் பின்னர் பஸ்ஸில் போய், கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டோம்.

இன்றிரவே இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் காரின் கைநூலை எடுத்து, இப்படியொரு பொத்தான் இருக்கிறதா, எங்கே என்று பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால், அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.