வெற்றிடத்துக்கும் ஓர் எழுத்துண்டு

எழுதாது விடும் இடமும் எழுத்தின் ஒரு பகுதியே என்பதைத் தமிழிலக்கணம் கற்றோர் எளிதில் ஏற்றுக்கொள்வர். 'செம்பொன்பதின்தொடி' என்னும் தொடரை உரையாசிரியர்கள் உதாரணமாகக் காட்டுவதுண்டு. தொடி என்பது ஒரு நிறையளவு. 'செம்பொன்' என நிறுத்திப் படித்தால் பத்துத் தொடிப் பொன்; 'செம்பு' எனப் பிரித்துப் படித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்துகள் மாறவில்லை, நிறுத்தும் இடம் மாறியதும் பொன் செம்பாகிவிடுகின்றது.

ஏட்டுச் சுவடிகளிலே சொற்களுக்கிடையில் இடம் விட்டெழுதும் வழக்கம் இருக்கவில்லை. பதம் பிரிக்கும் பொறுப்பு படிப்பவரையே சார்ந்திருந்தது. அச்சுப் பரவிய 19ஆம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் போன்றோர் உரைநடையிற் குறியீடுகளைக் கையாண்டு, அப்பொறுப்பிற் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டனர். இன்று அது கணினி நிரல் எழுதுவோர் கைக்கும் வந்துள்ளது. அவர்கள் அதனை எவ்வாறு நிறைவேற்றுகின்றனர் என்பதற்குச் சிறியதோர் உதாரணத்தை இங்கு நோக்க விரும்புகின்றேன்.

இணையப் பக்கங்களில் மின்னஞ்சல் முகவரியொன்றை அழுத்தியதும் புதிய கடிதம் ஒன்று தானே திறப்பதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். 'மெயில்டூ' எனத் தொடங்கும் அவ்விணைப்பில், பெறுபவரின் முகவரியை அடுத்து ஒரு வினாக்குறியிட்டு, கடிதத்தின் பொருள் வரியையும் வாசகத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஆயின் இணைய முகவரியில் வெற்றிடம் அப்படியே இடம்பெறலாகாது. அச்சிடும்போதும் படியெடுக்கும்போதும் வேண்டிய வெற்றிடம் மறைந்துவிடலாம், வேண்டாத வெற்றிடம் நுழைந்துவிடலாம் என்பதே 1994ஆம் ஆண்டின் ஆர்.எவ்.சி. 1738 என்னும் விதியேடு இதற்குக் கூறும் காரணம். சுவடி பெயர்த்தெழுதியோர் அறிந்திருந்த இடர்ப்பாடுதான் இது.

ஆகவே வெற்றிடத்துக்குப் பதிலாக '%20' என்று எழுதுவர். 'அஸ்கி' எனப்படும் குறிமுறையில் வெற்றிடத்தின் எண் 32. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 32ஐ 20 என எழுதுவர். அதன்முன் நூற்றுவீதக் குறியை இட்டால், அடுத்து வருவது ஓர் எழுத்தின் எண் என்பது பொருள்.

இதனோடு வேறொரு வழக்கமும் உண்டு. இணையப் படிவத்தில் நாம் நிரப்பும் விவரங்களை அனுப்பும்போது வெற்றிடத்தைக் கூட்டற்குறியாக மாற்றுவர். 1995இல் வெளியான எச்.ரி.எம்.எல். இரண்டாம் பதிப்பு இதனை வகுத்துரைத்தது. அங்கே மறுமுனையில் இருக்கும் நிரல் கூட்டற்குறியை மீண்டும் வெற்றிடமாக்கிக்கொள்ளும். மின்னஞ்சல் இணைப்புக்கோ அத்தகைய மறுமுனை இல்லை. இணைப்பை நேரே பெறும் மின்னஞ்சல் நிரல், கூட்டற்குறியைக் கூட்டற்குறியாகவே கடிதத்தில் இட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது மாணவி ஒருவர் தமது கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு நிறுவனம் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்போருக்கென இணைப்பொன்றை வெளியிட்டு, பொருள் வரியை மாற்ற வேண்டாம் எனவும் அறிவுறுத்தியிருந்தது. திறந்த கடிதத்திலோ 'புலமைப்பரிசில்+விண்ணப்பம்+முதலாம்+வருடம்' என்றிருந்தது. "இப்படியே அனுப்பினால் எனக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது என்று நினைப்பார்கள், சேர். திருத்தினால், சொன்னதைக் கேட்கவில்லை என்று ஒதுக்கிவிடுவார்களோ தெரியாது" என்றார். குறிகளை நீக்கி அனுப்புமாறு கூறினேன். அவர் நெடுநேரம் தயங்கியே அனுப்பினார். இணைப்பை அமைத்தவரின் கவனக்குறைவு, உதவி வேண்டி நின்ற ஒருவரின் தலையிற் சுமத்தப்பட்டதை அன்று கண்டேன்.

"கூட்டற்குறியைக் கண்டால் வெற்றிடமாக்கிவிடுமாறு மின்னஞ்சல் நிரலுக்கே கற்பித்தால் என்ன?" என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறு செய்தால் உண்மையான கூட்டற்குறியின் கதி என்னாகும் என்பதே எனது எதிர்வினா. குருதிக்கொடை வேண்டி அமைத்த இணைப்பொன்றின் பொருள் வரியில் 'ஓ+' என்றிருப்பதாகக் கொள்வோம். உதவி செய்ய முற்பட்ட நிரல் அதனை வெற்றிடமாக்கினால், பெறுபவர் காண்பது வெறும் 'ஓ' மட்டுமே. குருதி வகையில் நேரா எதிரா என்று காட்டும் குறி அழிந்துவிடும். எமது நாட்டுத் தொலைபேசி எண்களின் முன்வரும் +94க்கும் அதே கதிதான்.

2010இல் வெளியான ஆர்.எவ்.சி. 6068 இக்குழப்பத்தை வெளிப்படையாகவே எடுத்துரைக்கின்றது. வெற்றிடத்துக்காக வந்த கூட்டற்குறியை உண்மையான கூட்டற்குறியிலிருந்து வேறுபடுத்தி அறிய இயலாது. ஆகையால் மின்னஞ்சல் இணைப்பில் எல்லா வெற்றிடங்களையும் '%20' என்றே எழுதுதல் வேண்டும் என்பது அதன் தீர்ப்பு. கூட்டற்குறிக்கும் நூற்றுவீதக் குறியோடு கூடிய தனிக்குறியீடு உண்டு. அதனைப் பயன்படுத்தினால் ஐயத்துக்கே இடமில்லை. ஒரு குறிக்கு ஒரு பொருள் என்னும் நெறி இதனாற் காக்கப்படுகின்றது.

விதி தெளிவாக இருந்தும் பிழை தொடர்வதேன்? நிரல்மொழிகள் சில இருவகைக் கருவிகளையும் அருகருகே வைத்திருக்கின்றன. பி.எச்.பி. மொழியில் 'யூஆர்எல்என்கோட்' என்பது கூட்டற்குறியைத் தரும். 'றோயூஆர்எல்என்கோட்' என்பது '%20'ஐத் தரும். பெயரைப் பார்த்து முன்னதை எடுப்பவர், படிவத்துக்குரியதைக் கடிதத்துக்குப் பயன்படுத்திவிடுகின்றார்.

தமிழில் எழுதுவோருக்கு இதிற் கூடுதற் கவனம் வேண்டும். யூ.ரி.எவ்.-8 முறையில் 'அ' என்னும் ஒரெழுத்து மூன்று பைற்றுகளாகும். இணைப்பில் அது ஒன்பது குறிகளாக விரியும். 'அம்மா' என்னும் சொல் நாற்பத்தைந்து குறிகளாகிவிடும். இத்தகைய நீண்ட வரிசையிலே எது எழுத்து, எது வெற்றிடம் என்று மனிதக் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. சுவடியைப் படித்தவர் ஐயம் தோன்றினால் நிறுத்திச் சிந்தித்தார். நிரலுக்கு அந்த ஐயம் தோன்றாது. ஆகவே அதனை அமைப்பவரே ஐயுற்று ஆராய்தல் வேண்டும்.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் இணையப் பக்கங்கள் அமைக்கக்கூடும். அவர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிது. இணைப்பை வெளியிடுமுன், இரு தமிழ்ச் சொற்களும் ஒரு வெற்றிடமும் ஒரு கூட்டற்குறியும் கொண்ட கடிதம் ஒன்றை அதன்வழியே தமக்குத் தாமே அனுப்பிப் பார்க்கட்டும். எழுதியவாறே வந்து சேர்ந்தால் வெளியிடலாம். வராவிடின் திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும்.