தங்குறதுக்குக் காசா?

செனாவாங்கிலிருந்து போர்ட்டிக்சனுக்குக் காரில் முக்கால் மணி நேரம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். தெலுக் கெமாங்கில் அலையில் நனைந்த படம் இல்லாத குடும்ப ஆல்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாமே பகலில் எடுத்தவை. இருட்டிய பிறகு கடற்கரையில் நிற்கும் நம் ஆட்களின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்துப் படமும் இல்லை.

தோட்டத்திலிருந்து கடலுக்குப் போவது அப்போது பெரிய ஏற்பாடு. லோரியையோ பஸ்ஸையோ வாடகைக்குப் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அண்டாவில் புளிசாதமும் கோழிப் பெரட்டலும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லாரையும் விரட்டி ஏற்றுவார்கள். ஈரத்துணியும் மணலுமாக வீடு வந்து சேரும்போது ஏழு மணி. மறுநாள் பெரட்டு இருக்கிறதே! விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுக்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. பால்மரம் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்துவிடும். ஆகவே மரம் வெட்டுகிறவரின் வாழ்க்கையில் விடியல் என்பது எப்போதும் வேறு ஒருவருக்குச் சொந்தமான நேரம்.

போர்ட்டிக்சனுக்கும் தோட்டங்களுக்கும் உள்ள உறவு பழையது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகவே சிரம்பானிலிருந்து அங்கே 1891இல் ரயில் பாதை போட்டார்கள். பிற்பாடு ரப்பரும் அந்த வழியாகப் போனது. துறைமுகத்தின் முக்கியத்துவம் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு நகர்ந்த பிறகு போர்ட்டிக்சன் ஓய்வெடுக்கும் ஊரானது. அதிகாரிகளும் கம்பெனித் துரைகளும் தங்குவதற்குக் கடலைப் பார்த்தபடி பங்களாக்கள் எழும்பின. துரை அங்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவார். நாம் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பினோம். ரயில் பாதையில் இப்போது பயணிகள் வண்டி ஓடுவதில்லை. செனாவாங்கில் ரப்பர் மரம் நின்ற இடங்களில் தொழிற்பேட்டையும் தாமான்களும் வந்துவிட்டன. ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பும் பழக்கம் மட்டும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

2025 தொடக்கத்தில் தங்கைதான் முதலில் பேச்செடுத்தாள். "ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம். அம்மா இதுவரைக்கும் கடலுக்குப் பக்கத்துல தூங்கினதே இல்ல." அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பதினைந்து வயதில் காண்டா தூக்கியவர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. அவருடைய முதல் கேள்வி நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

"தங்குறதுக்குக் காசா? வீட்டுல பாய் இல்லையா?"

இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வேலைச் சட்டத்தின் வழக்கப்படி 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். நாங்கள் கடைசியில் எடுத்த வீட்டின் வாடகை ஓர் இரவுக்கு 260 வெள்ளி. அதாவது நான்கு நாள் கூலி. தூங்கி எழுந்திருக்க நான்கு நாள் உழைப்பைக் கொடுப்பதா என்று தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் கேட்டால், அது கஞ்சத்தனம் ஆகாது.

பணம் போகட்டும், நாளும் விலைதான். ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டு முடியாதவருக்குச் சட்டம் கொடுக்கும் ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12. அதற்கு மேல் 16. தங்கையின் வீட்டுக்காரர் செனாவாங் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். அவருடைய விடுப்பில் தீபாவளிக்கு மூன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு, ஊரில் ஒரு சாவு என்றால் ஒன்று என்று ஏற்கெனவே பங்கு பிரிந்து கிடந்தது. அதில் ஒரு திங்கட்கிழமையைப் பிடுங்கினோம்.

ஒன்பது பேர். அம்மா, அண்ணன், அண்ணி, நான், என் மனைவி, தங்கை, மச்சான், அவர்களுடைய இன்னும் பள்ளிக்கூடம் போகாத இரண்டு பொடிசுகள். மூன்று குடும்பம், குடும்பத்துக்கு 200 வெள்ளி, மொத்தம் 600. இதற்கு மேல் ஒரு காசு போகக்கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். மூன்று மாதம் மைலோ டின்னில் போட்டுச் சேர்த்தோம்.

முதலில் எந்தக் கடல் என்ற கேள்வி வந்தது. மச்சானுக்குத் தியோமான் தீவு ஆசை. கிழக்குக்கரைத் தீவுகளில் எளிய சாலேக்கள் உண்டு, தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் மெர்சிங்வரை பெட்ரோல், ஒன்பது பேருக்குப் படகுக் கட்டணம் என்று பார்த்தால் தங்கும் செலவைவிடப் போய்ச்சேரும் செலவு பெரிது. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பருவமழையில் அங்கே பாதிக்கு மேல் மூடிவிடுவார்கள். போர்ட்டிக்சன் மலாக்கா நீரிணையின் பக்கம். எதிரே சுமத்ரா நின்று பெரிய அலையைத் தடுத்துக்கொள்கிறது. தண்ணீர் கலங்கலாக இருக்கலாம், ஆனால் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். முட்டி தேய்ந்த ஒருவரைப் படகில் ஏற்றி இறக்கவும் வேண்டாம்.

அடுத்தது எந்த நாள். சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்கும் வாடகையில் இருந்த வித்தியாசம் எங்கள் சாப்பாட்டுச் செலவுக்கே போதும். பள்ளி விடுமுறையைத் தவிர்த்தோம். மார்ச்சில் நோன்பு மாதம் வந்ததால் உள்ளூர்ப் பயணிகள் குறைவு, வாடகையும் இறங்கியிருந்தது. பகலில் பல கடைகள் அடைத்திருக்கும் என்பதால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் ரமலான் சந்தையில் முர்தபாவும் பலகாரமும் கிடைக்கும்.

பிறகு நீர்மட்டம். போர்ட்டிக்சனில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்றமும் இறக்கமும் அதிகம். நீர் வடிந்தால் சேறும் கல்லுமாக வெகுதூரம் நடந்துதான் தண்ணீரைத் தொட முடியும். இரண்டுக்கும் நடுவில், அஷ்டமி நவமிப் பக்கம், ஏற்ற இறக்கம் குறைவு. வயதானவருக்கும் பொடிசுகளுக்கும் அதுதான் தோதான நேரம். நாம் எதையும் தொடங்காத நாளில்தான் கடல் சாதுவாக இருக்கிறது என்பதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, நவமி. "நவமியில எவனாச்சும் வீட்ட விட்டுக் கிளம்புவானா?" என்றவர், பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை இரவே அவருடைய துணிப்பையை அண்ணன் காரில் வைத்துவிட்டோம். அவர் கணக்கில் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது.

அறை தேடுவது தங்கையின் பொறுப்பு. அழகான படங்களை அவள் நம்பவில்லை. எல்லா இடத்துக்கும் போன் போட்டு ஒரே கேள்விகளைக் கேட்டாள். தரைத்தளமா, எத்தனை படி? கழிவறை உட்காரும் வகையா? பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? அறையிலிருந்து மணல்வரை சாலையைக் கடக்க வேண்டுமா? சமைக்க விடுவீர்களா, அடுப்பும் சட்டியும் உண்டா? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? ஏர்கோன் ஓர் அறைக்கா இரண்டுக்குமா? எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும்? நீச்சல்குளம் உண்டா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கடலுக்குப் பக்கத்தில் குளத்துக்கு எதற்குக் காசு?

ஓர் இடத்தில் எல்லாம் ஒத்துவந்தது. 220 வெள்ளி, இடம் இருக்கிறது என்றார்கள். பெயரைச் சொன்னதும் எத்தனை ஆண்கள், குடிப்பீர்களா, சத்தமாகப் பாட்டுப் போடுவீர்களா என்று கேள்விகள் மாறின. ஐந்து நிமிடத்தில் இடம் முடிந்துவிட்டது. தங்கை போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வாடகை வீடு தேடிய நம்மவர் பலருக்கும் பழக்கமான அனுபவம் இது. பட்ஜெட் போடும்போது இதற்கும் ஒரு வரி ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 220க்குக் கிடைக்க வேண்டியது எங்களுக்கு 260 ஆனது. கடைசியில் கிடைத்த வீட்டுக்காரர் ஒரு மலாய்க்கார மாக்சிக். பன்றி இறைச்சி வேண்டாம், பீர் வேண்டாம், போகும்போது அடுப்பைத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான் என்றார். அம்மாவுக்கு முட்டிவலி என்று கேட்டதும் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டுவைப்பதாகச் சொன்னார். சொன்னபடியே போட்டிருந்தார்.

மொத்தக் கணக்கு இது. வீடு 260. அரிசி, கோழி, மீன், காய், முட்டை, ரொட்டி, பால் என்று பாசாரில் 190. இரண்டு காருக்குப் பெட்ரோலும் டோலும் 60. ரமலான் சந்தைக்கும் பொடிசுகளின் ஐஸ்கிரீமுக்கும் கைச்செலவுக்கும் 90. முன்பணம் நூறு தனி, திரும்பி வந்தது. ஒன்பது பேருக்கு வகுத்தால் தலைக்கு 67 வெள்ளி. ஏறக்குறைய ஒரு நாள் கூலி.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். கடைச் சாப்பாட்டைக் குறைத்தோம், வாழைப்பழப் படகைக் குறைத்தோம், கடலைப் பார்த்த பால்கனியைக் குறைத்தோம். மணலுக்கு நடக்கும் தூரத்தையும் காலி செய்யும் நேரத்தையும் மட்டும் குறைக்க விடவில்லை. பத்து மணிக்கே காலி செய்யச் சொன்ன இடம் முப்பது வெள்ளி மலிவு. அதை வேண்டாம் என்றது தங்கைதான். "காலையிலயும் அவசரப்படணும்னா எதுக்குத் தங்கணும்? சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாமே," என்றாள். இந்தத் திட்டத்தின் முழு நியாயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. இரவு வாடகை என்று ரசீதில் எழுதியிருந்தாலும், நாங்கள் காசு கொடுத்து வாங்கியது ஒரு காலைப்பொழுதைத்தான்.

ஞாயிறு மாலை அம்மா முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். இரவு நெத்திலிச் சம்பலும் ரசமும். பத்து மணிக்கெல்லாம் படுத்தோம். விடியற்காலை நான்கரைக்கு நான் எழுந்தபோது அம்மாவின் பாய் காலி. வாசலில் அந்தக் குளியலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மரம் வெட்டுவதை விட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அவர் உடம்பு நான்கு மணிக்கு எழுந்துவிடும். வீட்டிலென்றால் எழுந்ததும் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுப்பார். அங்கே எடுப்பதற்கு வேலை இல்லை. தூரத்தில் நீரிணையில் போகும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. "நெத்தியில வெளக்க மாட்டிக்கிட்டு நெரை நெரையா நாங்க மரத்துக்குப் போறப்ப இப்படித்தான் தெரியும்," என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் வந்து கடலின் நிறம் மாறும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

காலைச் சாப்பாடு முடிந்து தஞ்சோங் துவான் பக்கம் போனோம். மார்ச்சில் அங்கே காசில்லாமல் பார்க்க ஒரு காட்சி உண்டு. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர் நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும். கடல்மேல் சிறகடித்துக் களைத்து வரும் பறவைகள் கலங்கரை விளக்கக் குன்றை எட்டியதும் சூடான காற்றைப் பிடித்துச் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு மேலே ஏறும். அம்மாவால் குன்றேற முடியாது. கீழே காருக்குப் பக்கத்தில் நின்றபடியே பதினொன்று எண்ணினார். நீண்ட வழி போகிறவை கரையைக் கண்டதும் சற்றுச் சும்மா மிதப்பதைப் பொடிசுகளுக்குக் காட்டினார்.

திரும்பி வந்து பதினொரு மணிக்கு அண்ணி பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார். மச்சான் பைகளைத் தூக்கினார். அம்மா வாசல் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துகொண்டார். எழவில்லை.

"பன்னெண்டு மணிவரைக்கும் காசு கட்டியிருக்கோம்ல? அதுக்குள்ள எதுக்கு மூட்ட கட்டுறீங்க?"