கோணக்குறி வாத்தியார்

இத்தொகுப்பில் இடம்பெறும் எழுத்தாளர்கள் தம்மைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தர வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்துள்ளார். முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் பிள்ளைகளின் நற்சான்றிதழில் ‘ஒழுக்கம் நன்று’ என எழுதிப் பழகிய கைக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி எழுத இவ்வளவு கூச்சம் வருமென்று நான் எண்ணியதில்லை.

அடியேன் இணையப் பாடம் தயாரிப்பவன். திருமண வீடுகளில் இதைச் சொன்னால், “ஓ, டியூஷனா?” என்பார்கள். “இல்லை, கணினி வழியாக” என்று விளக்கினால், “எங்கள் வீட்டு அச்சுப்பொறி ஒரு வாரமாக வேலை செய்யவில்லை, வந்து பார்க்கிறீர்களா?” என்பார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதே இப்போது வழக்கமாகிவிட்டது.

வலைப்பக்கம் அமைக்கும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைத் தமிழில் கற்பிக்கிறேன். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990ஆம் ஆண்டளவில் அதை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, தைப்பிங் மழையைக் கேட்டிருக்க மாட்டார். என் மாணவர்கள் அனைவரும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒலிப்பதிவைத் தொடங்கும் வேளைக்காகவே அந்த மழை எங்கள் தகரக் கூரையின்மேல் காத்திருக்கிறது. மழை ஓய்ந்தால் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஊதுகுழல்; அதுவும் ஓய்ந்தால் என் மனைவியின் பிரஷர் குக்கர்.

பாடம் என்னவோ எளியதுதான். இரு கோணக்குறிகளுக்கிடையே ஒரு சொல்லை எழுதினால் அது திறக்கும் கதவு. அச்சொல்லின் முன்னே ஒரு சாய்கோடு சேர்த்தால் அது மூடும் கதவு. மூட மறந்தால், ஒரு சொல்லுக்கென்று கொடுத்த தடித்த எழுத்து பக்கம் முழுவதும் பரவிவிடும். தோட்டத்து லயத்தில் என் தாயார், “கதவைச் சாத்திவிட்டு வாடா, கோழி உள்ளே வந்துவிடும்!” என்று கத்துவார். மூன்றாம் பாடத்தில் இதைச் சொன்னேன். “ஐயா, கோழிக்கு எந்தக் குறி?” என்று ஒரு மாணவர் கேட்டு எழுதினார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்போருக்கு நான் இதுவரை சொல்லாத காரணம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு என் நண்பர் ஒருவர் தம் தோட்டத்துச் சிறுகதைகள் பதினொன்றை என்னிடம் கொடுத்தார். ஊரில் கணினி வைத்திருந்த பெருமிதத்தில், நானே தட்டச்சு செய்து ஒரு டிஸ்கெட்டில் பதிந்து கொடுத்தேன். “இனிக் கையெழுத்துப்படி எதற்கு? கணினியில்தான் பத்திரமாக இருக்கிறதே!” என்றும் சொன்னேன். சொல்லைத் தட்டாத மனிதர். தாள்களைப் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்.

அவர் மறைந்தபின், 2011இல் அவருடைய மகள் அந்த டிஸ்கெட்டைக் கொண்டுவந்தார். திறந்தோம். தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்து விழுந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பம்போல் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் குடியேறியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வீட்டுக்காரர் முகம்தான் தெரியும், குடியிருந்தவர் முகம் தெரியாது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது; ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது நம் மேசைக்கு வரத் தொடங்கியது.

எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு மாற்றினேன். ‘கொ’ என்பதைப் பழைய முறை கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருந்தது. ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன் பின்னால் வைக்கும். இந்த ஒரு கொம்பு என்னை மூன்று மாதம் முட்டியது. அப்போது கற்றவைதான் பின்னர்ப் பாடங்களாயின.

ஒன்பது கதைகள் மீண்டன. மற்ற இரண்டும் இருந்த பகுதியில் டிஸ்கெட்டே பழுதாகியிருந்தது.

“மாமா, நீங்கள்தானே தட்டச்சு செய்தீர்கள்? அந்த இரண்டும் எதைப் பற்றிய கதைகள்?” என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கு நினைவில்லை. விசைப்பலகையில் ‘ழ’ எங்கே, ‘ற’ எங்கே என்று தேடித் தேடித் தட்டியவன் நான், கதையைப் படிக்கவில்லை.