முக்கொம்புத் தண்ணியும் மூணு இலைக் கன்றும்

திருச்சியில் காலேஜ் படித்த யாரையாவது பிடித்து 'முக்கொம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்து போகும். கட் அடித்த கதை, ஒரே பைக்கில் மூன்று பேர் போன கதை, செமஸ்டர் முடிந்த அன்றைக்கு மொத்த கிளாஸும் பஸ் ஏறின கதை... ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். அங்கே போய் 'செடிக்குத் தண்ணி ஊத்தக் கத்துக்கிட்டேன்' என்று ஒருத்தன் சொன்னால் சிரிப்பீர்கள்தானே? சிரிங்க பாஸ். ஆனால் மேட்டர் அதுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் ரோடு பஸ். சுமார் 18 கிலோமீட்டர். கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று போகப் போக டவுன் சத்தம் குறைந்து வாழைத்தோப்பு ஆரம்பிக்கும். வலது பக்கம் காவிரி கூடவே வரும், சில இடத்தில் எட்டிப் பார்க்கும், சில இடத்தில் ஒளிந்துகொள்ளும். ஜன்னல் சீட் கிடைத்தவன் பாக்கியசாலி.

முக்கொம்பில் இறங்கி, பார்க்கில் ஊஞ்சல், பொரித்த மீன் வாசனை எல்லாவற்றையும் கடந்து பாலத்துக்கு வந்தால்தான் அந்தப் பேருக்கு அர்த்தம் புரியும். மேற்கிலிருந்து அகண்ட காவிரி ஒற்றையாக வருகிறது. இங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் மாட்டிக்கொண்ட மண்தான் ஸ்ரீரங்கம் தீவு. ரங்கநாதர் படுத்திருக்கும் ஊருக்கு இரண்டு பக்கமும் தண்ணி காட்டுகிற வேலை இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

காட்டுவது என்றால் சும்மா இல்லை. இந்தத் தண்ணீரைப் பிரிப்பதே பெரிய தலைவலி. கொள்ளிடம் பக்கம் சரிவு ஜாஸ்தி. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிப்போய், காவிரி வாயில் மணல் மேடு தட்டி, தஞ்சாவூர்ப் பக்க வயல்கள் காய ஆரம்பித்தன. ஆர்தர் காட்டன் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர் வந்தார். கல்லணையைப் பார்த்துப் படித்துவிட்டு, 1836-38-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. எல்லாருக்கும் சந்தோஷம். 'சுபம்' போடலாம் என்று பார்த்தால், அடுத்த பஞ்சாயத்து! இப்போது காவிரிக்கு அளவுக்கு மேல் தண்ணீர் போய், படுகையை அரித்துக் குழியாக்க ஆரம்பித்துவிட்டது. சில வருஷங்களிலேயே காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. பத்தாமல் காய்ந்தது ஒரு காலம், ஜாஸ்தியாகி அரித்தது ஒரு காலம். நம்ம ஹிஸ்டரி புக்கில் முதல் பாதியை மட்டும்தான் போட்டிருப்பார்கள்.

அந்த மேலணைக்கு 180 வயசான பிறகு, 2018 ஆகஸ்ட் 22 அன்று ராத்திரி, கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் ஒன்பது உடைந்து போனது. டிவியில் பார்த்திருப்பீர்கள். அணை பழசு, வெள்ளம் பெரிசு என்றது அரசாங்கம். ஆத்து மணலை அள்ளி அள்ளி அடிமடியைக் காலி பண்ணினதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். சண்டை இன்னும் ஓயவில்லை. புதுக் கதவணை கட்டி முடித்துவிட்டார்கள், பளபளவென்று நிற்கிறது. போட்டோவுக்கு நல்ல இடம்தான். எனக்கென்னவோ பழைய அணையின் அந்தக் கருங்கல் மேலேயே கண் போகிறது.

சரி, செடிக்கு வருவோம். திரும்பி வரும் வழியில், கரூர் ரோட்டோரம், பச்சை வலை கட்டின ஒரு சின்ன நர்சரி. கூட வந்த ஃப்ரெண்டு, ஹாஸ்டல் ரூம் வாசலில் வைக்க ஒரு தக்காளிச் செடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வாங்க வேண்டும் என்று இறங்கினான். பய மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன். செடி என்றால் மொட்டை மாடியில் மணிபிளான்ட் வரைக்கும்தான் பழக்கம். அங்கே ஒரு அக்கா குழித்தட்டுகளுக்குப் பூவாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நம்மாளு ஆர்வக் கோளாறில், "நான் ஊத்தவாக்கா?" என்று பக்கத்தில் கிடந்த ஓஸ் பைப்பை எடுத்தான். அவ்வளவுதான்.

"ஏய் தம்பி... வையி கீழ! பச்சப் புள்ளைக்கு சங்குல பால் குடுப்பாங்களா, குடத்துல கவுப்பாங்களா?"

அப்புறம் அக்காவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு மூலையில் இருந்த தட்டைக் காட்டினார். கத்தரி நாற்று. இரண்டு இலை, மூன்று இலை விட்டதெல்லாம் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி இளைத்து, அழுகிப் போயிருந்தது. "காஞ்சு போச்சாக்கா?" என்று கேட்டேன். "காயறதா? ஊறிப் போச்சு. புதுசா வேலைக்கு வந்த புள்ள, பாசத்துல காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணுன்னு ஊத்திருச்சு."

இதற்குப் பேர் நாற்றழுகல் நோய். பித்தியம் மாதிரியான சில பூஞ்சைகள் செய்கிற வேலை. அவை மண்ணில் எப்போதும் இருக்கும். ஈரம் வடியாமல் நின்றால், நெருக்கமாக விதைத்திருந்தால், காற்றோட்டம் இல்லாவிட்டால் கிளம்பிவிடும். விதைக்கும் முன்பே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து வைத்தால் கொஞ்சம் காபந்து. ஆனால் முக்கிய மருந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான்!

ஏன் என்று கேட்டால் விஷயம் சிம்பிள். வேர் தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது. மண் துகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில்தான் அதுக்குக் காற்று. அந்தச் சந்து முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டும். மூச்சு முட்டின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே இலை வாடும். அதைப் பார்த்த நாம் என்ன செய்வோம்? 'அடடா, தாகமா இருக்கு' என்று இன்னொரு மக் ஊற்றுவோம். கதை முடிந்தது.

அக்கா சொன்ன டெக்னிக்குகளுக்கு லேப் எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடு. விரலில் ஈர மண் ஒட்டினால் அன்றைக்கு லீவு. பையில் இருக்கிற கன்றா, தண்ணீர் ஊற்றின உடனே ஒரு தரம் தூக்கிப் பார்த்துக் கனத்தை ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த நாள் தூக்கும்போது கையே சொல்லிவிடும். காலையில் ஊற்று. ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்கு நாமே பந்தி போட்ட மாதிரி. சொட்டு சொட்டாக இலை மேல் காட்டாமல், மண் நனைய ஊற்று, அடி ஓட்டை வழியாக வடியணும். அடியில் ஓட்டையே இல்லாத ஐஸ்கிரீம் டப்பாவில் செடி வைக்கிறவர்களை அக்கா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த வலைக்கு உள்ளே பாதி இடம் வாழைக்கன்று. திசு வளர்ப்பு ஜி-9. நாம் சாப்பிடுகிற வாழைப்பழத்தில் முளைக்கிற விதை கிடையாது என்பதால் காலம் காலமாகப் பக்கக்கன்றைத் தோண்டித்தான் நடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல், தாய்க்கு முடிக்கொத்து நோய் இருந்தால் கன்றுக்கும் சீதனமாக வந்துவிடும். பழனி மலையில் விருப்பாட்சி வாழை அழிந்து போகிற நிலைக்கு வந்ததற்கு அந்த வைரஸ் முக்கியக் காரணம். அதனால்தான் நோயில்லாத தாயிலிருந்து லேபில், பாட்டிலுக்குள் கன்று வளர்க்கிறார்கள். இதற்கெல்லாம் தலைமைப்பீடம் மாதிரி தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம்ம திருச்சியில், தோகைமலை ரோட்டில் தாயனூர் பக்கம், 1993-லிருந்து இருக்கிறது. திருச்சி ஸ்டூடண்ட்ஸ் எத்தனை பேர் அந்த போர்டைப் பார்த்திருக்கிறோம்?

பாட்டில் கன்று ஏ.சி.யில் வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி. வெளிக்காற்று படாதது. இலை மேல் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, நேராக வெயிலில் வைத்தால் அரை நாளில் சுருண்டுவிடும். அதனால் முதலில் சில வாரம் ஈரப்பதம் நிறைந்த கூடாரத்தில் குழித்தட்டு வாசம். பிறகு பைக்கு மாற்றி, பாதி வெயிலை மட்டும் விடும் வலைக்குக் கீழே இன்னும் ஐந்தாறு வாரம். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். தண்ணீரையும் குறைக்கிறார்கள். ஒரு அடி உயரம், ஐந்தாறு இலை வந்தால்தான் தோட்டத்துக்கு அனுமதி. இந்தப் பக்குவப்படுத்துதலைச் செய்யாத நர்சரியில் சல்லிசு விலைக்கு வாங்கினால் வயலில் போய் அழவேண்டியதுதான்.

நெல்லிலும் இதே கணக்கு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் முக்கொம்பு வர இரண்டு மூன்று நாள். 2024 மாதிரி ஜூலை 28 வரைக்கும் திறக்க முடியாமல் போன வருஷமும் உண்டு. டெல்டாக்காரர்கள் வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த நாற்றுக்காகத்தான். அவ்வளவு காத்திருந்து வந்த தண்ணீரை நாற்றங்காலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முளைகட்டின விதையைத் தெளித்த மறுநாளே வடித்துவிடுகிறார்கள்! சேறு ஈரமாக இருந்தால் போதும். நாற்று தலை தூக்கின பிறகுதான், அதன் உயரத்துக்கு ஏற்ப மெல்ல மெல்லத் தண்ணீர் கட்டுவார்கள். நாலு மாசப் பயிரா, நாலு வாரம் நாற்று என்பது பாட்டன் கணக்கு. மடகாஸ்கரிலிருந்து வந்த 'திருந்திய நெல் சாகுபடி'யில் அதையும் குறைத்து 14 நாள் நாற்றை ஒற்றையாக நடுகிறார்கள். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். காவிரிக் கரையிலேயே இவ்வளவு சிக்கனம்!

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்துக்கோ முக்கொம்புக்கோ போனால் முளைப்பாரி எடுத்து வரும் பெண்களைப் பார்க்கலாம். ஊறவைத்த தானியத்தை மண்ணும் எருவும் போட்ட சட்டியில் விதைத்து, இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பது. மஞ்சள் மஞ்சளாக, நீளமாக, சாய்ந்து நிற்கும். பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் ஆற்றில் விடத்தான் அது. விதைக்குள் இருந்த சாப்பாட்டில், வெளிச்சத்தைத் தேடித் தேடி நீண்ட முளை. உங்கள் ரூம் ஜன்னலில் வைத்த தக்காளி நாற்று அதே மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தால், 'சூப்பரா வளருது மச்சி' என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். வெளிச்சம் பத்தலை என்று அர்த்தம்.

இப்போது நம்ம காலேஜ் விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். என்.எஸ்.எஸ். டீ-ஷர்ட், பேனர், சீஃப் கெஸ்ட், வாட்டர் கேனிலிருந்து ஒரு ஊற்று, போட்டோ. அந்தத் தேதி நம்ம ஊர் மழையைப் பார்த்து வைத்ததில்லை. 1972 ஜூன் 5-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கியதை வைத்து வந்தது. கேரளாவுக்கு அது பொருந்தும், அங்கே அப்போதுதான் மழை ஆரம்பம். திருச்சிக்கு? ஜூனில் 37, 38 டிகிரி சர்வ சாதாரணம். அதைத் தொடர்ந்து அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காத்து. நட்டு ஒரு மாசமான கன்றுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நமக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான்.

அக்டோபரில் நமக்கென்று ஒரு நாள் இருக்கிறதே! 15-ஆம் தேதி, அப்துல் கலாம் பிறந்தநாள். அவரே திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜில் படித்து 1954-ல் டிகிரி வாங்கினவர். அவர் பேரில் 'கிரீன் கலாம்' என்று ஊர் ஊராகப் போய்க் கன்று நட்டுக்கொண்டே இருந்தார் நடிகர் விவேக், 2021-ல் மறையும் வரை. ஜூன் விழாவை அக்டோபருக்குத் தள்ளினால் முதல் இரண்டு மாசத் தண்ணீரைப் பெரும்பாலும் வானமே பார்த்துக்கொள்ளும். பேனரில் தேதியை மட்டும் மாற்றினால் போதும். பிரின்சிபாலிடம் யாராவது தைரியசாலி பேசுங்கப்பா.

அதற்கப்புறம் வருகிற வில்லன் ஏப்ரல்-மே. ஹாஸ்டல் காலி, கன்றுக்கு நாதி கிடையாது. அதற்கும் அக்கா ஒரு வழி சொன்னார், பானைப் பாசனம். வேகவைத்த சாதா மண்பானை ஒன்று, உள்ளே வெளியே பெயின்ட் அடிக்காதது. கன்றுக்கு ஒரு ஜான் தள்ளிக் குழி வெட்டி, கழுத்து வரைக்கும் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால், மண் காயக் காயப் பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். வேர் அந்தப் பக்கமாகவே வந்து பானையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். தினமும் ஓட வேண்டியதில்லை, சில நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். அதைச் செய்ய வாட்ச்மேன் தாத்தாவையோ, பக்கத்துத் தெரு டே-ஸ்காலர் எவனையோ டீ வாங்கிக் கொடுத்துக் கரெக்ட் பண்ணிக்கொள்ளுங்கள். கன்றைச் சுற்றிக் காய்ந்த வாழைச்சருகைப் பரப்பி வையுங்கள். பானைக்கு மூடி முக்கியம். இல்லாவிட்டால் ஜூனில் திரும்பி வரும்போது கன்று பிழைத்திருக்கும், கொசுவும் குடும்பத்தோடு இருக்கும்.