பழைய தண்டை வெட்டாதீர்கள்

சிங்கப்பூரில் ஆர்க்கிட் இல்லாத தாழ்வாரம் குறைவு. வீவக வீடுகளின் வாசலில், சுவரோரக் கம்பியில், எங்காவது ஒரு சட்டி தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றுகிறோம், பூத்தால் படம் எடுக்கிறோம். பூப்பது நின்றுபோனால் வெயில் போதவில்லை, உரம் போதவில்லை என்கிறோம். பல வீடுகளில் காரணம் வேறு. செடி சட்டியை மீறி வளர்ந்திருக்கும். அதைப் பிரித்து நட வேண்டும். அந்த வேலைக்குத்தான் எல்லாருக்கும் பயம்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஐந்து பேருக்கு இந்த ஆண்டு அந்த வேலை வந்து சேர்ந்தது. ஐந்து பேரில் ஒருவரும் அதற்குமுன் வெந்தயம்கூட முளைக்க வைத்ததில்லை.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 81. மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு, அவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வருவோம். பிப்ரவரியில் போனபோது, ஜூன் மாதம் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். நாற்பது ஆண்டு இருந்த வீடு. சாமான்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வாசலில் இருந்த டென்ட்ரோபியம் ஆர்க்கிட்தான் கவலை. தாத்தா வாங்கி வைத்த செடி. ஒரே மண்சட்டியில் 26 தண்டுகள். சட்டி விரிசல் விட்டு, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. மகள் வீட்டு ஜன்னலோரத்தில் அதில் கால்பங்குக்குத்தான் இடம் உண்டு.

“பிரிச்சா செத்துப் போயிடும்ப்பா. அவர் இருந்தப்பவே நாங்க தொடல” என்றார்.

பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக ஆர்க்கிட் வளர்க்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனோம். எப்படி வெட்டுவது என்று கேட்டோம். எப்போது வெட்டுவது என்பதில் ஆரம்பித்தார். டென்ட்ரோபியத்தின் தண்டுகள் அடியில் ஒரு கிடைத்தண்டால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். புதுக் குருத்து எப்போதும் ஒரு தண்டின் அடியிலிருந்துதான் வரும். அந்தக் குருத்து தன் சொந்த வேரை விடத் தொடங்கும் நாட்களே பிரிப்பதற்கு ஏற்ற நேரம். அதற்கு முன்னால் வெட்டினால், புது இடத்தில் பற்றிக்கொள்ளச் செடிக்குப் பிடி இருக்காது. வெகுநாள் கழித்து வெட்டினால், நீண்டுவிட்ட இளவேர்கள் உடைந்துபோகும்.

எங்களுக்கோ ஜூன் மாதக் கெடு. மார்ச் முழுவதும் சனிக்கிழமை தோறும் போய்ப் பார்த்தோம். குருத்துகள் இருந்தன, வேர் இல்லை. வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்க நெருங்க, “இருக்கிறபடி வெட்டிவிடலாமே” என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். “நம்ம நாள்காட்டி செடிக்குத் தெரியாது” என்றார் அங்கிள். ஏப்ரல் மூன்றாம் வாரம் குருத்துகளின் அடியில் பச்சை நுனியோடு வேர்கள் எட்டிப் பார்த்தன.

அந்தச் சனிக்கிழமை சட்டியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தோம். நனைந்த வேர் வளையும். காய்ந்த வேர் முறியும். அப்படியும் வேர்கள் மண்சட்டியின் சுவரை விடவில்லை. இழுத்துப் பிய்க்கக் கூடாது, சட்டியைத்தான் உடைக்க வேண்டும். அது தாத்தா வாங்கிய சட்டி. யார் உடைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாட்டி கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தார். பிறகு கையை நீட்டிச் சுத்தியலை வாங்கி, விரிசல் இருந்த இடத்தில் தாமே இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே இருந்ததைப் பார்த்தபோதுதான் செடி ஏன் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை என்று புரிந்தது. பழைய கரித்துண்டுகள் மக்கிச் சேறாகியிருந்தன. காட்டில் டென்ட்ரோபியங்கள் பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். சேற்றில் சிக்கிய வேர்களில் ஏறக்குறைய பாதி அழுகியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தோம். கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. நசுங்கி, மேல்தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல்போல ஓர் இழை மட்டும் மிஞ்சினால் செத்தது. செத்ததை மட்டும் நறுக்கினோம். ஒவ்வொரு முறையும் கத்தரியைத் தீயில் காட்டினோம். செடிச்சாறு வழியாக வைரஸ் நோய் பரவும் என்பதால் அது கட்டாயம்.

அடுத்தது, புதிதாகக் கற்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பாடம். 26 தண்டுகளில் 11 தண்டுகளில் ஓர் இலைகூட இல்லை. பார்த்தால் காய்ந்த குச்சி. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இவைதானே, வெட்டிவிட்டால் செடி அழகாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். அங்கிள் ஒவ்வொரு தண்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். நான்கு தண்டுகள் சுருங்கி உள்ளே பொய்யாக இருந்தன, அவற்றை எடுத்துவிட்டோம். மற்ற ஏழும் கெட்டியாக இருந்தன. அவை செடியின் சேமிப்புக் களஞ்சியம். சேர்த்து வைத்த நீரும் உணவும் கிடைத்தண்டு வழியாகக் குருத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இலை இழந்த தண்டு இனி வளராது, வளர்கிறதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டினால் குருத்துதான் இளைக்கும்.

அதனால் பிரிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு தண்டுகளாவது வேண்டும். அவற்றோடு ஒரு புதுக் குருத்தாவது வேண்டும். குருத்து மட்டும் உள்ள பங்கு தாக்குப்பிடிப்பது கடினம். பழைய தண்டு மட்டும் உள்ள பங்கு எழும்ப நெடுநாள் ஆகும்.

பாட்டி ஆறு பங்கு கேட்டார். தமக்கொன்று, மூன்று பிள்ளைகளுக்கு, சபைக்கொன்று, பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு ஒன்று. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் அந்த மக்சிக்தான். ஆனால் வேர் விட்ட குருத்துகள் நான்குதான் இருந்தன. ஒரு பழைய தண்டின் உச்சியில் வேரோடு ஒரு குட்டிச் செடி முளைத்திருந்தது. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைக் ‘கெய்க்கி’ என்பார்கள்; ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். அதன் வேர் ஒரு விரல் நீளம் இருந்ததால் அதையும் தனியாக எடுக்க முடிந்தது. மொத்தம் ஐந்து. ஆறாவதுக்காக ஒரு பங்கை இரண்டாக்கினால் இரண்டுமே போய்விடக்கூடும்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். “கோயில்ல பூ வைக்க ஆள் இருக்காங்க. மக்சிக்குக்குக் குடுத்துடுங்க” என்றார்.

நடுவது எளிது. பங்கு எவ்வளவோ அதற்கேற்ற சிறிய சட்டி. பெரிய சட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகும். பழைய தண்டுகளைச் சட்டியின் சுவரோரம் ஒட்டி, குருத்து காலி இடத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கிடைத்தண்டைப் புதைக்கக் கூடாது. சுற்றிலும் கரித்துண்டும் உடைந்த செங்கல்லும். தண்டு ஆடாமல் ஒரு குச்சியோடு கட்ட வேண்டும். ஆடினால் இளவேரின் நுனி தேய்ந்து நின்றுவிடும். பிறகு இரண்டு வாரம் நிழல், காலையில் லேசாகத் தண்ணீர்த் தெளிப்பு. புது வேர் ஓடும்வரை உரம் வேண்டாம்.

வெட்டிப் பிரிப்பது ஒரு செடியைக் குறைப்பதாகப் பாட்டி நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நம் நாட்டின் தேசிய மலரைப் பாருங்கள். வாண்டா மிஸ் ஜோகிம் என்ற அந்தக் கலப்பின ஆர்க்கிட்டை இங்கே வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோகிம் உருவாக்கினார். 1893-இல் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அதைப் பற்றி எழுதினார். 1899-இல் ஆக்னஸ் காலமானார். 1981-இல் அது தேசிய மலர் ஆனது. இடையிலிருந்த அத்தனை ஆண்டுகளிலும் அது தோட்டம் தோட்டமாகப் பரவியது, தண்டை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்துக் கொடுத்துத்தான். வாண்டா மேல்நோக்கி வளர்வது, வெட்டும் முறை வேறு. ஆனால் யாராவது கத்தரியை எடுக்கப் பயந்திருந்தால் அது ஒரு வாசலோடு முடிந்திருக்கும்.

இதை எழுதும் ஆகஸ்டில் ஐந்து சட்டிகளும் ஐந்து வீடுகளில் இருக்கின்றன. நான்கில் குருத்து நன்றாக வளர்கிறது. மகன் வீட்டுச் சட்டியில் மூன்று இலை மஞ்சளாகி விழுந்தன. வேர் நுனி இன்னும் பச்சையாக இருப்பதால் விட்டு வைத்திருக்கிறோம். பூ எதிலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டி முதலில் கேட்பது எங்கள் நலத்தை அல்ல, மகன் வீட்டுச் செடியைத்தான்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய ஆர்க்கிட் இருக்கலாம். தண்டுகள் சட்டிக்கு வெளியே சாய்ந்திருக்கிறதா, கரி சேறாகியிருக்கிறதா, குருத்தின் அடியில் பச்சை வேர் தெரிகிறதா என்று இந்த வாரம் பாருங்கள். மூன்றும் இருந்தால் பயப்படாமல் தொடங்குங்கள். இலை இல்லாத தண்டையும் புதிதாக வந்த குருத்தையும் ஒரே சட்டியில் சேர்த்து நடுங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை வாலிபர் கூடுகைக்கு வாருங்கள், கத்தரியோடு வருகிறோம்.

சபைக்கான பங்கு பாக்கி இருக்கிறது. மக்சிக் வீட்டுச் செடியில் இரண்டாவது குருத்து வந்திருக்கிறதாம். அது வேர் விட்டதும் ஒரு பங்கு தருவதாக அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.